மெழுகு பூசிய முயல் பொம்மை

ஒரு காட்டில் யானைகள் மேலே வாழ்ந்தன, சின்னப் பிராணிகள் கீழே வாழ்ந்தன. மேலே என்றால் மலை. கீழே என்றால் மலையடிவாரத்துப் புல்வெளி. அங்கே முயல், கீரி, உடும்பு, முள்ளம்பன்றி எல்லாம் மண்ணுக்கு அடியில் வளை தோண்டிக் குடியிருந்தன.

கார்த்திகை மாதத்துப் பௌர்ணமியன்று யானைக் கூட்டம் மலையை விட்டு இறங்கி ஏரிக்குப் போகும். போகும் வழி புல்வெளிதான். விடிந்ததும் புறப்பட்டாலும், குட்டிகளை மெதுவாக நடத்திக் கூட்டி வருவதற்குள் அந்தி சாய்ந்துவிடும். மங்கிய வெளிச்சத்தில் யானைக்குக் கண் சரியாகத் தெரியாது. புல்லுக்கு அடியில் யாருடைய வீடு இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

அதற்காகவே அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வீட்டாரும் மரத்தில் தங்கள் உருவத்திலேயே ஒரு பொம்மை செதுக்குவார்கள். அதற்கு வெள்ளை மண் பூசி, தங்கள் வளைக்கு மேலே நட்டு வைப்பார்கள். யானைகள் அந்த வெள்ளையைப் பார்த்து, "இது உடும்பு வீடு, இது முள்ளம்பன்றி வீடு" என்று சொல்லிக்கொண்டே ஒதுங்கி நடக்கும். போகிற போக்கில் பொம்மையின் தலையில் ஒரு பூவையும் வைத்துவிட்டுப் போகும். அன்று எல்லோருக்கும் திருநாள்.

பொம்மை இல்லாத இடம் வெறும் தரை. யானைகளின் கணக்கு அதுதான்.

சென்ற வருடம் பூச்சு சரியில்லாமல் கீரியின் பொம்மை மழையில் இற்றுச் சாய்ந்துவிட்டது. நல்ல வேளையாகக் கீரி அன்று வெளியே போயிருந்தது. திரும்பி வந்து பார்த்தால், வீடு இருந்த இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம். யானையின் காலடி. அதில் தேங்கிய மழைத்தண்ணீரில் ஒரு தவளை நீந்திக்கொண்டிருந்தது.

அந்தப் பள்ளத்தை எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். பஞ்சியும் பார்த்தது.

பஞ்சி ஒரு தாய் முயல். ஓர் இலை விழுந்தால் அது ஏன் விழுந்தது என்று கேட்கும். விழவில்லை என்றால் ஏன் இன்னும் விழவில்லை என்று கேட்கும். அப்படிப்பட்ட பஞ்சிக்கு அந்தப் பள்ளத்தைப் பார்த்த நாளிலிருந்து தூக்கம் போய்விட்டது. இந்த வருடத் திருநாளின்போது அதன் வளையில் குட்டிகள் இருக்கும். கண் திறக்காத, மயிர் முளைக்காத குட்டிகள்.

"என் பொம்மையை மட்டும் மழை தொடக்கூடாது," என்று பஞ்சி தனக்குத் தானே சொல்லிக்கொண்டது. "ஒரு சொட்டுகூட."

ஆடி மாதம் பிறந்ததும் பஞ்சி முள்முருங்கை மரத்தின் பருத்த கிளை ஒன்றைக் கடித்துத் தள்ளியது. முள்முருங்கை மெத்தென்ற மரம், முயல் பல்லுக்கு நன்றாக இணங்கும். பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும் முயல், தலையில் தூக்கிய இரண்டு காதுகள், தரையில் ஊன்ற ஒரு கால். பஞ்சியை விடச் சற்றுப் பெரிதாக, பொம்மை அழகாக வந்தது.

செதுக்கிய பொம்மைகளை எல்லோரும் ஒரு பெரிய பாறையின் நிழலில் வரிசையாகக் கிடத்துவார்கள். பச்சை மரத்துக்குள் அது உயிரோடு இருந்தபோது குடித்த தண்ணீர் இருக்கும். ஆடிக் காற்று மெல்ல மெல்ல அதை எடுத்துக்கொண்டு போகும். மரங்கொத்தி அவ்வப்போது வந்து மூக்கால் தட்டிப் பார்க்கும். "தொப்" என்றால் ஈரம். "டொக்" என்றால் காய்ந்த மரம். டொக் என்று சொன்ன பிறகுதான் மண்ணும் தேன்மெழுகும் குழைத்துப் பூசுவார்கள். அதன் பிறகு எந்த மழைக்கும் அசையாது.

பஞ்சியின் பொம்மை மட்டும் நாள் கணக்காகத் தொப் என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

"மெத்தென்ற மரம் தண்ணீரை நிறையக் குடிக்கும், அக்கா," என்றது மரங்கொத்தி. "விடுவதற்கும் நாளாகும். கிடக்கட்டும்."

"எவ்வளவு நாள்?"

"அதை மரம்தான் சொல்ல வேண்டும்."

"நீ கேட்டுச் சொல்லேன்."

"தினமும் அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்?" என்று மூக்கைக் காட்டிவிட்டு மரங்கொத்தி பறந்துபோனது.

ஆவணி மாதத்தில் ஒரு பகல், வெயிலோடு வெயிலாகச் சட்டென்று ஒரு தூறல் விழுந்தது. பாறை நிழலுக்குள் சாரல் கொஞ்சம் அடித்தது. பஞ்சியின் பொம்மை மேல் சில துளிகள் தெறித்தன. கொஞ்ச நேரத்தில் வெயில் அவற்றை நக்கித் துடைத்துவிட்டது.

ஆனால் பஞ்சி அதைப் பார்த்துவிட்டது. அப்படியே திரும்பிக் கரடியின் குகைக்கு ஓடியது.

கரடியிடம் தேன் இருந்ததோ இல்லையோ, தேன்மெழுகு எப்போதும் இருக்கும். தேனைத் தின்றுவிட்டு அடையைக் குகை மூலையில் எறிந்துவிடும். யார் கேட்டாலும் கொடுக்கும். அதற்கு ஒரே ஒரு வேலைதான் பிடிக்காது. எழுந்து நிற்பது.

"கரடியண்ணே, மெழுகு வேண்டும்."

கரடி ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்தது. "மழைக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறதே, பஞ்சி."

"இப்போதுதான் அண்ணே பெய்தது."

"அதுவா? மேகம் தும்மியது."

"முதலில் தும்மும், பிறகு காய்ச்சல் வரும். நமக்குத் தெரியாதா?"

கரடி வயிறு குலுங்கச் சிரித்தது. "சரி, மரம் காய்ந்துவிட்டதா? மரங்கொத்தி என்ன சொன்னாள்?"

"இன்னும் கிடக்கட்டும் என்றாள்."

"அப்படியானால் கிடக்கட்டும்."

"அவளுக்கென்ன அண்ணே, சொல்வாள். அவள் வீடு மரத்தின் உச்சியில் இருக்கிறது. யானை மரமேறி வந்து அவள் பிள்ளைகளை மிதிக்குமா?"

இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் கரடி எழுந்து உட்கார வேண்டும். அது யோசித்தது. பிறகு திறந்த கண்ணையும் மூடிக்கொண்டது.

"அந்த மூலையில் இருக்கிறது. வேண்டியதை எடுத்துக்கொள்."

பஞ்சி மெழுகை வெயிலில் வைத்து இளக்கியது. ஆற்றங்கரையிலிருந்து வெள்ளை மண் கொண்டுவந்து அதில் பிசைந்தது. பிறகு பூசத் தொடங்கியது. முதுகில் பூசியது, வயிற்றில் பூசியது. காது நுனி, கழுத்து மடிப்பு, தரைக்குள் போகும் காலின் அடி, ஒன்றையும் விடவில்லை. பூசியதன் மேல் இன்னொரு பூச்சு. அதன் மேல் இன்னொன்று. ஓர் எறும்பு மூக்கை நுழைக்கக்கூட இடமில்லை.

மறுபடி ஒரு தூறல் வந்தது. துளிகள் பொம்மையின் மேல் முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்தன. பஞ்சி நீண்ட நாளுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கியது.

அந்த நிம்மதி புரட்டாசி வரைக்கும்தான் இருந்தது.

ஒரு நாள் காலை பொம்மையின் வயிற்றில் ஒரு கொப்புளம் தெரிந்தது. பஞ்சி அதை முகர்ந்து பார்த்தது. புளித்த மாவு போல ஒரு வாசனை.

"மழை எப்படியோ உள்ளே போய்விட்டது," என்று அது நினைத்தது. ஓடிப்போய் மெழுகு கொண்டுவந்து கொப்புளத்தின் மேல் தடவியது.

அடுத்த வாரம் முதுகில் ஒரு கொப்புளம். அதன் மேலும் மெழுகு. பிறகு தோளில் ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று. எங்கே வீங்கினாலும் பஞ்சி மெழுகு பூசியது. பூசப் பூசப் பயம் குறையும் என்று பார்த்தால், பூசிய இடத்தையெல்லாம் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் பயம்தான் கூடியது.

ஐப்பசியில் மழை தொடங்கியது. எல்லோரும் பொம்மைகளை நட்டார்கள். பஞ்சியும் தன் வளைக்கு நேர் மேலே பொம்மையை ஊன்றியது. மற்றவர்களுடையதை விட அதுதான் வெள்ளையாக இருந்தது. பளபளவென்று மின்னியது.

"உன் பொம்மைக்குப் பக்கத்தில் என்னுடையது குளிக்காதவன் மாதிரி நிற்கிறது," என்று உடும்பு அலுத்துக்கொண்டது.

மழை விட்டிருந்த ஒரு மாலையில் மரங்கொத்தி வந்து பொம்மையின் தோளில் உட்கார்ந்தது. மெல்லத் தட்டியது.

தொப்.

இன்னும் கொஞ்சம் கீழே தட்டியது.

தொப். சேற்றில் கல் விழுந்தது போல.

வளைக்குள் இருந்த பஞ்சி பாய்ந்து வெளியே வந்தது. "என் பொம்மை மேல் கை வைக்காதே."

"கை எங்கே இருக்கிறது எனக்கு? மூக்குதான் வைத்தேன்," என்றது மரங்கொத்தி. "அக்கா, உன் பொம்மைக்கு உடம்பு சரியில்லை. உள்ளே தண்ணீர் இருக்கிறது."

"ஒரு சொட்டு உள்ளே போகாது. நானே பூசினேன்."

"உள்ளே போகாது, சரி. வெளியே எப்படி வரும்?"

பஞ்சிக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. அது காதுகளைப் பின்னால் மடித்துக்கொண்டது.

"இன்னும் நாள் இருக்கிறது," என்றது மரங்கொத்தி. "மெழுகைச் சுரண்டிவிடு. பாறைக்கு அடியில் கொண்டுபோய்க் காற்றில் போடு. இல்லாவிட்டால் காலடியில் ஓர் ஓட்டையாவது போடுகிறேன். வடிகிற வரைக்கும் வடியட்டும்."

"கொட்டுகிற மழையில் மெழுகைச் சுரண்டுவதா? நல்ல யோசனை. உனக்கு எதைப் பார்த்தாலும் ஓட்டை போட வேண்டும். உள்ளே புழு இருக்குமா என்ற ஆசை."

"புழு இருக்கிறது. அதைத்தான் சொல்கிறேன்."

"போ. என் பிள்ளைகளின் உயிரோடு விளையாடாதே."

மரங்கொத்தி மூக்கில் ஒட்டிய ஈரத்தை இறகில் துடைத்துக்கொண்டது. பிறகு போய்விட்டது. அது தட்டிய இடத்தில் சின்னதாக ஒரு குழி விழுந்திருந்தது. பஞ்சி அன்றே அதையும் மெழுகு வைத்து அடைத்தது.

கார்த்திகை வந்தது. குட்டிகள் பிறந்தன. பௌர்ணமியும் வந்தது.

அன்று காலையிலிருந்தே மழை. பஞ்சி வளைக்குள் போய்ப் பால் கொடுக்கும். வெளியே வந்து பொம்மையைப் பார்க்கும். மறுபடி உள்ளே போகும். நிற்கிறது. இன்னும் நிற்கிறது. மேலே வந்து பார்க்கும் ஒவ்வொரு தடவையும் பொம்மை நின்றுகொண்டிருந்தது.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது மலைப்பக்கம் ஒரு பிளிறல் கேட்டது. யானைக் கூட்டம் கடைசி மேட்டைத் தாண்டிவிட்டது என்பதற்கு அது அடையாளம். அதைக் கேட்டதும் எல்லோரும் வளைக்குள் போய்விட வேண்டும். அதற்கு மேல் யாரும் புல்வெளியில் நடமாடக்கூடாது. கீரி ஓடியது. உடும்பு நுழைந்தது. முள்ளம்பன்றி முட்களைச் சுருக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது.

பஞ்சி கடைசியாக ஒரு முறை திரும்பிப் பார்த்தது.

பொம்மையின் ஒரு காது மெல்ல மடிந்து தொங்கியது.

அது ஓடிப்போய்த் தொட்டது. நகம் மெழுகைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது. மரத்தில் பட்டு நிற்க வேண்டிய நகம் எதிலும் பட்டு நிற்கவில்லை. கை முழுவதும் உள்ளே போய்விட்டது. பழுப்பு நிறத்தில் கூழ் வழிந்தது. கொழுத்த புழுக்கள் நெளிந்தன. ஊன்றிய கால் புளுக்கென்று முறிந்தது. பஞ்சியின் கண்ணெதிரே பொம்மை தரையில் சாய்ந்து, வயிற்றோடு பிளந்து கிடந்தது.

இப்போது அந்த இடம் வெறும் தரை.

பஞ்சி வளைக்குள் பாய்ந்தது. ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வாசலுக்கு வந்தது. மழை குட்டியின் மேல் அடித்தது. அந்தச் சின்ன உடம்பு உடனே குளிர்ந்து விறைத்தது. இந்த மழையில் எங்கே கொண்டுபோய் வைப்பது? பஞ்சி அதை மறுபடி கொண்டுபோய் மற்றக் குட்டிகளின் சூட்டில் படுக்க வைத்தது.

வெளியே வந்து கத்தியது. "இங்கே வீடு இருக்கிறது. இங்கே வீடு இருக்கிறது."

முயலின் குரல் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும். மழைச் சத்தத்தில் அது அதன் காதுக்கே கேட்கவில்லை.

தரை அதிரத் தொடங்கியது.

பஞ்சி கீழே கிடந்த பொம்மையைப் பார்த்தது. உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் வெளியே இருந்த மெழுகு அப்படியே இருந்தது. தடித்து, வெள்ளை வெளேரென்று, முயலைப் போலவே ஒரு கூடு.

அது யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அதனால் செய்திருக்கவே முடியாது. இரண்டு கைகளாலும் கூழை அள்ளி வெளியே எறிந்தது. பிளந்த வயிற்றின் வழியாக உள்ளே நுழைந்தது. கூட்டை முதுகில் தூக்கிக்கொண்டு பின்னங்கால்களில் எழுந்து நின்றது. தன் காதுகளைப் பொம்மையின் காதுகளுக்குள் நுழைத்து நிமிர்த்தியது. பிளவின் இரண்டு ஓரங்களையும் உள்ளேயிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டது.

தரை மேலும் அதிர்ந்தது.

பயம் வந்தால் முயல் ஓட வேண்டும். அதன் கால்கள் இருப்பதே அதற்குத்தான். பஞ்சி அந்தக் கால்களைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றது. கூட்டுக்குள் இருட்டாக இருந்தது. புளித்த வாசனை மூக்கை அடைத்தது. ஒரு புழு கழுத்தில் ஊர்ந்தது. பஞ்சி அதை உதறவில்லை.

யானைகள் வந்துவிட்டன. ஒவ்வொரு அடிக்கும் கூட்டின் மெழுகு கிறீச்சிட்டது.

"இது உடும்பு வீடு," என்று ஒரு கனமான குரல் கேட்டது. கூட்டத்துக்குத் தலைமை தாங்கி வரும் பெரிய யானையின் குரல். "இது கீரி வீடு. பார்த்து நட."

காலடிகள் நெருங்கின. பஞ்சிக்கு முன்னால் வந்து நின்றன.

"இது முயல் வீடு," என்றது பெரிய யானை.

"பெரியம்மா," என்றது பின்னால் வந்த ஒரு குட்டி யானை. "இந்தப் பொம்மை நடுங்குகிறது."

"மழையில் இவ்வளவு நேரம் நின்றால் நீயும்தான் நடுங்குவாய்."

"பொம்மைக்குக் குளிருமா?"

பெரிய யானை குனிந்தது. அதன் துதிக்கை இறங்கி வந்தது. வெதுவெதுப்பான மூச்சு பிளவின் வழியாக உள்ளே வீசியது. துதிக்கையின் நுனி மெழுகை முகர்ந்தது. கூழை முகர்ந்தது. பிறகு இன்னும் கொஞ்சம் உள்ளே வந்து, பஞ்சியின் மார்பில் கசிந்திருந்த பாலை முகர்ந்து, அங்கேயே நின்றது.

பஞ்சி கண்களை இறுக மூடிக்கொண்டது.

துதிக்கை விலகியது. பொம்மையின் தலையில் ஏதோ லேசாக வந்து அமர்ந்தது. ஒரு பூ.

"எல்லோரும் ஒதுங்கி நடங்கள்," என்றது பெரிய யானை தாழ்ந்த குரலில். "நன்றாக ஒதுங்கி. சத்தம் போடாமல்."

யானைகள் வரிசையாக விலகி நடந்தன. பெரிய காலடிகள் போயின. சின்னக் காலடிகள் போயின. ஏரிப்பக்கம் தண்ணீர் சளசளவென்று கலங்கும் ஓசை கேட்கும் வரை பஞ்சி அசையவில்லை. அதற்குப் பிறகும் அதனால் அசைய முடியவில்லை. கால்கள் மரத்துப்போயிருந்தன. கூடு தானாக நழுவி விழுந்தபோதுதான் பஞ்சியும் விழுந்தது.

தவழ்ந்து தவழ்ந்து வளைக்குள் போனது. கூரை மண் கொஞ்சம்கூட உதிர்ந்திருக்கவில்லை. குட்டிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தூங்கின. தாயின் வாசனை வந்ததும் கண் திறக்காமலே தேடிவந்து பால் குடித்தன. பஞ்சி அவற்றை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டே இருந்தது.

விடிந்ததும் அது வெளியே வந்தது. மழை விட்டிருந்தது. கூடு புல்லில் கிடந்தது. பஞ்சி அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. தன் நகம் கிழித்த இடத்தையும் முறிந்த காலையும் வயிற்றுப் பிளவையும் தவிர, மெழுகில் ஒரு கீறலைக்கூடக் காணவில்லை. மேலே நின்றிருந்த மழைத்துளிகள் முத்து முத்தாக உருண்டு விழுந்தன. அத்தனை நாள் பெய்த மழையில் ஒரு சொட்டுகூட உள்ளே போயிருக்கவில்லை.

நீதி: வெளியிலிருந்து வரப்போவதற்கு அஞ்சி அடைக்கும் முன், உள்ளே ஏற்கெனவே இருப்பதை வெளியேற்று.